தீர்வை ஆருக்கு, வருமானம் ஆருக்கு?

(பலெர்மோ இளையோர் சந்திப்பில் பேசியது)



போன சந்திப்பில ஒரு தம்பி கேட்டவர்: "ட்ரம்ப் போட்ட தீர்வையால ஃபேஸ்புக்குக்கு என்ன நட்டம்? அவங்கள் கப்பலிலயா சாமான் ஏத்துறாங்கள்?" நியாயமான கேள்வி. இணையத்தால் போற விசயங்களுக்குச் சுங்கத் தீர்வை போடுவதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 1998இலேயே உடன்பட்டவை. ஆனால் ஃபேஸ்புக்கின் வருமானம் விளம்பரத்தில வருது. விளம்பரம் குடுக்கிறவை சாமான் விக்கிறவை.

2024இல் மெட்டாவின் வருமானத்தில் ஏறத்தாழ 11 வீதம், அதாவது 18 பில்லியன் டொலருக்கு மேல், சீன விளம்பரதாரரிடமிருந்து வந்தது. 800 டொலர் வரையான சீனப் பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை 2025 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியது. டெமு, ஷீன் இரண்டும் அதற்கு முன்னமே அங்கே விளம்பரத்தைக் குறைத்துவிட்டன.

அப்ப மெட்டா விழுந்ததா? இல்லை. அந்தக் காசில் ஒரு பகுதி வேறு நாடுகளுக்குத் திரும்பியது என்று மெட்டாவே சொன்னது. அடுத்த காலாண்டில் அதன் வருமானம் 22 வீதம் கூடி 47.5 பில்லியன் டொலரானது.

இப்ப ஊருக்கு வருவம். இலங்கைக்கு முதலில் அறிவித்த தீர்வை 44 வீதம்; ஆகஸ்டில் அது 20 வீதமானது. இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்குத்தான் போகுது. கட்டுநாயக்காவிலயும் கிளிநொச்சியிலயும் தையல் மெசினில இருக்கிற பிள்ளை தன்ர உழைப்பை வேறு நாட்டுக்குத் திருப்ப ஏலாது. ஓடர் குறைஞ்சால் முதலில போறது அவளின்ர ஓவர்டைம் காசு.

இத்தாலி 2020இல் இருந்து பெரிய டிஜிட்டல் கொம்பனிகள் இங்க உழைக்கிற வருமானத்தில 3 வீதம் வரி எடுக்குது. இப்படி வரி போடுற நாடுகளுக்குக் கூடுதல் தீர்வை வரும் என்று ட்ரம்ப் ஆகஸ்டில் மிரட்டினார். இந்தியா இணைய விளம்பரங்களுக்கான 6 வீத வரியை ஏப்ரலிலேயே எடுத்துவிட்டது. கனடா யூனில் தன் வரியைக் கைவிட்டது. தளங்களின் வருமானத்துக்குக் காவல் நிக்கிறதும் இதே தீர்வைதான்.

எங்கட அம்மா வீடு துடைச்சு உழைச்ச காசில பலாரோவில ஒரு சவர்க்காரம் வாங்கினால் 22 வீதம் ஈவா கட்டுறா. அதுவும் இதுவும் வேற வரிதான். ஆனால் அவாவுக்காக ஒருத்தரும் ரோமை மிரட்டேல்லை.

அந்த 3 வீதத்தைக் கைவிடாதே என்று அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்தில எழும்பிக் கேக்கவேண்டியது நாங்கள்தான். ஆர் வாறீங்கள்?