பிளேடை அழுத்தாதீர்கள், அதுவே வெட்டும்



இன்று நான் பேசவிருப்பது மிகச் சிறிய விஷயம். ஆனால், ஆண்கள் பலரின் காலைப்பொழுதைக் கெடுப்பதும் அதுதான். முகச்சவரம்! சவரம் செய்த கையோடு கன்னம் எரிகிறது. கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள் எழுகின்றன. சட்டைக் காலரில் இரத்தப் பொட்டு. இதெல்லாம் ஆண்பிள்ளைக்கு விதித்தது என்று பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க வேண்டியதில்லை. கேமரா முன் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எவ்வளவு பவுடர் பூசினாலும் சிவந்த கழுத்து திரையில் தெரிந்துவிடும்.

நம் தாத்தாக்கள் பயன்படுத்திய, பிளேடு மாட்டும் பழைய ரேசர் இப்போது இளைஞர்களிடம் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த 1903-ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். பிறகு அது உலகையே சுற்றி வந்த கதை உங்களுக்குத் தெரியும்.

இதில் என்ன நன்மை? பல பிளேடுகள் கொண்ட ரேசரில் ஒரு பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழேயே வெட்டிவிடும். சுருள்முடி உள்ளவர்களுக்கு அந்த முனை வெளியே வர வழியின்றி உள்ளேயே வளைந்து பருவாகிறது. ஒற்றைப் பிளேடு இந்தத் தொல்லையைக் குறைக்கும், முறையாகப் பிடித்தால்!

அந்த முறை என்ன?

முதலில் முடி ஊற வேண்டும். குளித்து முடித்ததும் சவரம் செய்வது நல்லது. இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். காய்ந்த முடி பிளேடோடு மல்லுக்கட்டும்; ஊறிய முடி இணங்கிப் போகும். பிறகு சவரச் சோப்பையோ கிரீமையோ பிரஷ்ஷால் குழைத்துத் தடவுங்கள். நுரை தயிர்போல் கெட்டியாக, ஈரமாக இருக்க வேண்டும்.

அடுத்தது கோணம். பழகாதவர்கள் தடுமாறுவது இங்கேதான். ரேசரின் தலையைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியைத் தரைக்கு இணையாக நீட்டிப் பிடியுங்கள். இப்போது பிளேடு தோலைத் தொடாது. கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு முடியைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 30 பாகை. அதுதான் உங்கள் கோணம்.

மூன்றாவது, அழுத்தவே கூடாது. புதிய ரேசர்களின் தலை வளைந்து கொடுப்பதால் அழுத்திப் பழகிய கை நமக்கு. இது வளையாது. ரேசரின் எடையே போதும். மறுகையால் தோலை இழுத்துப் பிடித்து, சின்னச் சின்னதாக வழியுங்கள். முடி வளரும் திசையைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தில் அது பக்கவாட்டிலும் போகும், மேல்நோக்கியும் போகும். முதல் சில வாரங்கள் அந்தத் திசையிலேயே ஒருமுறை வழித்தால் போதும். கொஞ்சம் சொரசொரப்பு இருக்கட்டுமே! பழகிய பின் மறுபடி நுரை பூசிக் குறுக்காக வழிக்கலாம்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். கீறல் இருந்தால் முடிதிருத்தும் கடையில் தடவுவார்களே, அந்தப் படிகாரக் கல் உதவும். பிளேடு இழுக்கத் தொடங்கினால் உடனே மாற்றுங்கள். பொதுவாக ஐந்தாறு சவரம் வரும். ஜப்பானின் ஃபெதர் போன்ற மிகக் கூர்மையான பிளேடுகளைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவதை வீட்டுப் பெரியவர்களும் கவனிக்க வேண்டும். ஒரே பிளேடை அப்பாவும் மகனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி மூலம் ஹெபடைட்டிஸ் பி போன்ற நோய்கள் பரவலாம். ஆளுக்கொரு ரேசர் அவசியம். மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. சிறு வெட்டும் இவர்களுக்கு ஆறாமல் தொல்லை தரக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இந்த ரேசரைத் தொடுங்கள். கழுத்துப் பரு சீழ் பிடித்தால் சவரத்தை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

பழைய பிளேடைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையும் கைதானே? காலி மைலோ டின்னின் மூடியில் ஒரு கீறல் போட்டு, அதற்குள் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் டேப் ஒட்டி வீசலாம்.

கடைசியாக ஒன்று. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் பழகாதீர்கள். விடுமுறை நாளில், நல்ல வெளிச்சத்தில், பத்து நிமிடம் ஒதுக்கிப் பழகுங்கள். கை பதமாகிவிட்டால் கன்னம் எரியாது.