விரைவும் வாய்மையும்

இசை பயிலும் மாணவன் ஒருவன் ஒரு வர்ணத்தை முதற் காலத்திலே பிழையறப் பாடுகிறான். அதனையே இரண்டாங் காலத்திலும் பாடிவிடுகிறான். மூன்றாங் காலத்திலே பாடும்படி பணித்தால் என்ன நிகழ்கிறது? சில மாணவர் தாளத்தைத் தவறவிட்டு நின்றுவிடுவர். வேறு சிலர் நில்லாமலே பாடிச் செல்வர். ஆயினும், இடையிடையே ஒரு சுரத்தை விழுங்கிவிடுவர். நின்றுவிட்டவனுடைய குறை அவையோர் அனைவர்க்கும் தெரிகிறது. விழுங்கியவனுடைய குறையோ அந்த வர்ணத்தை முன்னரே நன்கறிந்தவருக்கு மட்டுமே புலப்படுகிறது.

மேசைக் கணினியின் செயலியை, அதனைச் செய்தோர் வகுத்த விரைவிலும் கூடிய விரைவில் இயக்குவோர் எதிர்நோக்கும் இடர்ப்பாடும் இத்தகையதே. ஆங்கிலத்தில் ஓவர்குளொக்கிங் என வழங்கும் இம்முயற்சியை மிகைத்துடிப்பு எனத் தமிழிற் கூறலாம். இளைஞர் பலர் இதனை ஒரு விளையாட்டாகவே பயில்கின்றனர். எனினும், இவ்விளையாட்டினுள்ளே ஆழ்ந்து சிந்திக்கத்தக்க வினா ஒன்று உண்டு. விரைந்து தரப்படும் விடை மெய்யான விடைதானா என்பதை எவ்வாறு அறிவது என்பதே அவ்வினா.

முதலிலே துடிப்பு என்பது யாது எனக் காண்போர்க்கு மற்றவை எளிதில் விளங்கும். வானொலி நேயர்கள் மீடிறன் என்னும் சொல்லை நன்கறிவர். ஒரு செக்கனில் ஓர் அலை எத்தனை முறை மீள மீள நிகழ்கிறது என்பதே மீடிறன். கணினியினுள்ளே அமைந்த சிறு பளிங்கொன்று மாறா அளவில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அவ்வதிர்வை மின்சுற்றுக்கள் பன்மடங்காக்கிச் செயலிக்குத் தாளமாக வழங்குகின்றன. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹேர்ட்ஸ், பெருக்கும் எண் 36 என்றால், செயலி செக்கனுக்கு 360 கோடி முறை துடிக்கும். 300 கோடி முறை துடிக்கும் செயலியில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட காலத்திலே ஒளிதானும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தூரமே செல்லவல்லது. அத்துணைக் குறுகிய காலம் அது.

அக்குறுகிய காலத்தினுள்ளே ஒரு மின்குறி பல திரான்சிற்றர் வாயில்களைக் கடந்து, சேரவேண்டிய இடத்தைச் சேர்தல் வேண்டும். சேர்வதற்கு முன் அடுத்த துடிப்பு விழுந்துவிட்டால், ஒன்று இருக்கவேண்டிய இடத்திலே பூச்சியம் பதிவாகிவிடும். செயலி தவறிழைப்பது இவ்வாறே. அது சோர்வுற்றுத் தவறுவதன்று. மின்குறி வந்து சேருமுன்னரே வாசல் அடைக்கப்பட்டமையால் தவறுகிறது.

அவ்வாறாயின், செய்தோர் குறித்த விரைவுக்கு மேலே எச்செயலியும் இயங்காது என்று கொள்ளலாமோ? கொள்ளல் இயலாது. ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுத்த சில்லுகள்கூட ஒன்றுபோல் அமைவதில்லை. சில வல்லன, சில மெலியன. கோடை வெப்பத்திலும், மின்வழங்கல் சற்றே தளர்ந்த வேளையிலும், ஆண்டுகள் பல கடந்த பின்னும் பிழையின்றி இயங்கவேண்டும் என்று கருதி, செய்தோர் ஓர் இடைவெளியை விட்டே விரைவைக் குறிக்கின்றனர். மிகைத்துடிப்பை நாடுவோர் கைவைப்பது இவ்விடைவெளியிலேயாகும்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று 1998ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓகத்து மாதத்திலே இன்ரெல் நிறுவனம் செலரோன் 300ஏ என்னும் மலிவான செயலியையும், பென்ரியம் 2 வரிசையில் 450 மெகாஹேர்ட்ஸ் விரைவுள்ள உயர்ந்த செயலியையும் வெளியிட்டது. மொத்தக் கொள்வனவில் முன்னதன் விலை 149 டொலர்; பின்னதன் விலை 669 டொலர். செலரோனின் அடிப்படைத் துடிப்பு ஏறத்தாழ 66 மெகாஹேர்ட்ஸ். பெருக்கும் எண் நாலரை. ஆகவே விரைவு 300. பெருக்கும் எண்ணை மாற்ற முடியாதவாறு பூட்டியிருந்தனர். ஆயினும், தாய்ப்பலகையிலே அடிப்படைத் துடிப்பை 100 ஆக உயர்த்தினால், அதே நாலரை மடங்கு 450 ஆகிவிடும். சில தாய்ப்பலகைகள் செயலியின் முனையொன்றைப் பார்த்தே துடிப்பைத் தெரிந்தன. அம்முனையின்மீது சிறு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி அவற்றையும் இணங்கவைத்தனர் ஆர்வலர்.

இது கைகூடியதன் காரணம் யாது? இரு செயலிகளும் ஒரே நுண்மையுடைய உற்பத்தி முறையிலே ஆக்கப்பட்டவை. பென்ரியத்துக்குப் பதுக்கு நினைவகம் தனிச் சில்லுகளாகப் பக்கத்தே அமைந்து, பாதி விரைவில் இயங்கியது. செலரோனுக்கோ அளவிற் சிறிய பதுக்கு நினைவகம் செயலிச் சில்லினுள்ளேயே அமைந்து முழு விரைவில் இயங்கியது. எனவே, மலிவான செயலி விலையுயர்ந்ததனோடு தோளொத்து நின்றது. ஆனால், எல்லாச் செலரோன்களும் 450ஐ எட்டவில்லை. சில, 2.0 வோல்ற்று என்னும் உரிய மின்னழுத்தத்திலேயே எட்டின. சிலவற்றுக்கு அதனைச் சிறிது உயர்த்த வேண்டியிருந்தது. சில, எவ்வாறு முயன்றும் எட்டவில்லை.

மின்னழுத்தத்தை உயர்த்தினால் திரான்சிற்றர்கள் விரைந்து மாறும் என்பது உண்மையே. ஆயினும், அதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். துடிப்பின் பொருட்டுச் செலவாகும் மின்வலு, மீடிறனோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயர்கிறது. 100 வாற்று வலுவிலே இயங்கும் செயலியின் மீடிறனை மட்டும் பத்து வீதம் உயர்த்தினால், வலு 110 வாற்று ஆகும். மின்னழுத்தத்தையும் பத்து வீதம் உயர்த்தினாலோ அது ஏறத்தாழ 133 வாற்று ஆகிவிடும். பத்து வீத விரைவுக்கு முப்பத்துமூன்று வீத வெப்பம் என்பது இதன் பொருள். இலங்கை போன்ற வெப்ப நாட்டிலே இதனை இன்னும் கூர்ந்து நோக்குதல் தகும். 20 பாகை செல்சியஸ் குளிரறையிலே 75 பாகையில் நிற்கும் செயலி, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ 32 பாகை அறையிலே ஏறத்தாழ 87 பாகையில் நிற்கும். பல செயலிகள் 100 பாகையை அணுகியதும் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தாமே விரைவைக் குறைத்துக்கொள்வன. விரைவை நாடி வெப்பத்தைப் பெருக்கியவர், இறுதியில் விரைவையும் இழப்பர்.

இனி, சோதனைக்கு வருவோம். உயர்த்திய விரைவிலே கணினி உயிர்த்தெழுந்து திரையிலே படம் தோன்றிவிட்டால் யாவும் நன்று என்று எண்ணுவோர் பலர். மூன்றாங் காலத்திலே சுரத்தை விழுங்கிய மாணவனும் பாடி முடிக்கத்தான் செய்தான். ஆகவே, விடையை முன்னரே அறிந்த வினாவைக் கேட்டல் வேண்டும். அதுவும் ஒரு முறையன்று, இலட்சக்கணக்கான முறை. அத்தகைய சோதனையை உலகுக்கு வழங்கியவர்கள் கணினி விற்போரல்லர். முதன்மை எண்களைத் தேடிய கணித ஆர்வலர்களே.

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண். ஐந்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 32. அதில் ஒன்றைக் கழித்தால் 31. அது முதன்மை எண். இவ்வகையாகப் பெறப்படும் எண்களை மேர்சென் எண்கள் என்பர். அவற்றுள் முதன்மையானவை எவை என அறிய, லூக்காஸ், லேமர் என்னும் அறிஞர் இருவர் பெயரால் வழங்கும் முறையொன்று உண்டு. எழுதுகோலும் கடதாசியும் உடையோர் எவரும் இதனைச் செய்து பார்க்கலாம். நான்கிலே தொடங்குக. அதனை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 14. அதனை வர்க்கித்தால் 196. இரண்டைக் கழித்தால் 194. அதனை 31ஆல் வகுத்தால் மீதி 8. எட்டை வர்க்கித்தால் 64. இரண்டைக் கழித்தால் 62. 31ஆல் வகுத்தால் மீதி பூச்சியம். ஐந்திலும் இரண்டு குறைந்த மூன்று படிகளின் முடிவிலே பூச்சியம் வந்தமையால் 31 முதன்மை எண்ணே.

இடையிலே எட்டுக்குப் பதிலாக ஒன்பது எனத் தவறி எழுதியிருந்தால் யாதாகும்? 81இல் இரண்டு போக 79, மீதி 17. முதன்மை எண்ணொன்று முதன்மையற்றதென ஒதுக்கப்பட்டிருக்கும். பிழை நேர்ந்தமைக்கு ஓர் அறிகுறியும் இராது.

மூன்று படிகளில் இவ்வாறாயின், முப்பது இலட்சம் படிகளில் என்ன சொல்வது? ஜோர்ஜ் வோல்ற்மன் என்னும் அமெரிக்கர் 1996ஆம் ஆண்டிலே, உலகெங்குமுள்ள சாதாரண கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொண்டு இவ்வெண்களைத் தேடும் கூட்டு முயற்சியைத் தொடங்கினார். 1998 ஜனவரியிலே ரோலண்ட் கிளார்க்சன் என்னும் மாணவருடைய கணினி, 30,21,377 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்த எண் முதன்மையானது எனக் கண்டது. அவ்வெண் 9,09,526 இலக்கங்களைக் கொண்டது. 200 மெகாஹேர்ட்ஸ் கணினியொன்று வேறு பணிகளுக்கிடையே 46 நாள் உழைத்து, முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து பெற்ற முடிவு அது. ஒரே படியில் ஓர் இலக்கம் பிறழ்ந்திருந்தாலும் அத்தனை நாள் உழைப்பும் வீணாகியிருக்கும்.

இக்காரணத்தினாலேயே வோல்ற்மன் தம்முடைய பிறைம் 95 என்னும் நிரலிலே கணினியைச் சோதிக்கும் பகுதியொன்றை அமைத்தார். விடை முன்னரே தெரிந்த கணக்குகளை அது செயலியிடம் கொடுக்கிறது. வந்த விடையை உரிய விடையோடு ஒப்பிடுகிறது. அன்றியும், இடைக்கணக்குகள் முழு எண்ணுக்கு மிக அண்மையிலே முடிதல் வேண்டும். அவ்வெல்லை கடந்து விலகினால் உடனே பிழையென அறிவித்து நின்றுவிடுகிறது. எண்களைத் தேடுவோருக்காக ஆக்கப்பட்ட இச்சோதனை, பின்னர் மிகைத்துடிப்பு ஆர்வலர் யாவருக்கும் உரைகல்லாயிற்று.

சோதிக்கும் ஒழுங்கும் கூறத்தக்கது. முதலிலே உரிய விரைவிலேயே சோதித்து, செயலி பழுதற்றது என உறுதி செய்தல் வேண்டும். நினைவகத்தை அதற்குரிய நிரலாற் புறம்பாகச் சோதித்தல் வேண்டும். அன்றேல், பிழை எங்கே பிறந்தது என்று அறிய இயலாது. பின்னர், ஒரு வேளையில் ஒன்றை மட்டும், சிறு படியாக உயர்த்துதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் வெப்பநிலையை நோக்கிக்கொண்டு சிறிது நேரம் சோதித்தல் வேண்டும். பிழை தோன்றிய இடத்தில் மின்னழுத்தத்தை மேன்மேலும் ஏற்றாது, ஒன்றிரண்டு படி கீழே இறங்கி, அங்கே ஓர் இரவும் பகலும் தொடர்ந்து சோதித்தல் நன்று. அறையின் வெப்பம் மிகுந்த நண்பகலும் அச்சோதனையுள் அடங்குதல் வேண்டும். இருபத்துமூன்று மணி நேரம் பிழையின்றி ஓடி, இருபத்துநான்காம் மணியிலே ஒரு பிழை காட்டிய கணினி தேறிய கணினியன்று.

இவ்வளவு கடுமை வேண்டுமோ என வினவுவோர்க்கு மைக்ரோசொப்ற் நிறுவனத்து றேமண்ட் சென் என்பவர் 2005ஆம் ஆண்டிலே எழுதிய செய்தி விடை பகரும். விண்டோஸ் முறைமை செயலிழந்தமை பற்றி வந்த அறிக்கைகளை ஆராய்ந்தபோது, தவற இடமேயில்லாத கட்டளையொன்றிலே சில கணினிகள் வீழ்ந்திருந்தமையை அவர் கண்டார். செயலியினுள்ளே ஓரிடத்தைப் பூச்சியமாக்கும் எளிய கட்டளை அது. அறிக்கை அனுப்பியோரை விசாரித்ததில், சிலர் தாமே மிகைத்துடிப்புச் செய்ததாகக் கூறினர். வேறு சிலரோ அச்சொல்லையே அறியாதவர். அவர்களுக்குக் கணினியை விற்ற சிறு கடையினர், சொல்லாமலே விரைவை உயர்த்தி விற்றிருந்தனர். இடர் வாங்கியவருக்கு, இலாபம் விற்றவருக்கு. பழைய கணினியோ செயலியோ வாங்குவோர், பெட்டியின் மேலெழுதிய எண்ணை நம்பிவிடாது இச்சோதனையை நடத்திப் பார்ப்பது நலம்.

சோதனையின் மதிப்பு மிகைத்துடிப்போடு முடிவதுமன்று. 2016 ஜனவரியிலே, உரிய விரைவில் இயங்கிய 6ஆம் தலைமுறைச் செயலிகளும் பிறைம் 95 கொடுத்த கணக்கொன்றிலே உறைந்து நின்றதை இன்ரெல் நிறுவனம் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. 2024ஆம் ஆண்டிலே அந்நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில நிலைகுலைந்தன. மிகையான மின்னழுத்தம் அதற்குக் காரணமாயிற்று எனக் கண்டு, திருத்தம் வழங்கி, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தனர். ஆனால், முன்னரே பழுதுற்ற சில்லுகளை அத்திருத்தம் மீட்கவில்லை. மின்னழுத்தத்தை உயர்த்தும் இளைஞர் மறக்கலாகாத பாடம் இது: இன்று தேறிய சில்லு, தேய்ந்தபின் நாளை தவறக்கூடும். ஆகவே, சோதனையை இடையிடையே மீண்டும் நடத்துதல் வேண்டும்.

இக்காலச் செயலிகள் வெப்பமும் வலுவும் இடந்தரும் அளவுக்குத் தாமாகவே விரைவை உயர்த்திக்கொள்ளும் ஆற்றல் படைத்தவை. ஆதலால், 1998இல் ஐம்பது வீதம் கிடைத்த இடத்திலே, இன்று பெரும்பாலும் சில வீதமே எஞ்சியுள்ளது. அச்சில வீதத்தை நாடி விளையாட்டுக் கணினியிலே ஒருவர் முயன்று பார்ப்பதிற் குற்றமில்லை. தவறினால் அவருடைய விளையாட்டே நின்றுபோகும். பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளையோ, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையோ, நோயாளியின் மருந்தளவையோ தாங்கிநிற்கும் கணினி அவ்வாறானதன்று. அங்கே செயலி நின்றுபோனால் ஒரு நாள் வேலை கெடும். நில்லாமலே தவறினாலோ, தவறென்று எவரும் அறியாத ஓர் எண் ஏட்டிலே பதிந்துவிடும். பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் மொழி. விரைவைக் கூட்டுமுன் அவ்வெண்ணை நம்பியிருப்போர் எவர் என எண்ணிப் பார்த்தல் கணினியைக் கையாள்வோர் கடனாகும்.