விற்ற சரக்கும் திரும்பிய சரக்கும்

(தல்லாகுளத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இக்கூட்டத்தில் நம் குலத்துப் பிள்ளைகளின் உயர்தரக் கல்வியைப்பற்றிப் பேசுவதாகக் காரியதரிசியவர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தோம். இதற்கிடையில் நிர்வாக சபைக்கு ஒரு பிராது வந்தது. பிராது கொடுத்தவரும் நம்மவர். எவர்மீது கொடுக்கப்பட்டதோ அவரும் நம்மவர். தொகையோ 1,850 ரூபாய். இதற்காகவா சபை கூடிற்று என்று சிலர் நகைக்கலாம். ஆயினும், அப்பிராதை விசாரிக்கப் புகுந்த நமக்கு, இன்று வீடுதோறும் நடந்துவரும் ஒரு புதுவகை வியாபாரத்தின் உள்ளிருப்பது அதனால் தெரியவந்ததாகலின், கல்வி விஷயத்தைப் பிறிதொரு நாளைக்கு ஒதுக்கிவைத்து, ஆன்லைன் சந்தையில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் சரக்குத் திருப்புவதிலும் பணம் வாபஸ் செய்வதிலும் நேரும் வழக்குகளைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

முதலில் நடந்ததைச் சொல்லுவோம். பெயர்கள் வேண்டா.

தல்லாகுளத்தில் வசிக்கும் நம் அங்கத்தினர் ஒருவரின் மனைவியார், மகளின் வளைகாப்புக்கென்று கைபேசியில் ஒரு பெரிய கம்பெனியின் சந்தையிலே மதுரைச் சுங்குடிச் சேலையொன்று வாங்கினார். விற்றவர் யார் என்று பார்க்கவில்லை. பார்ப்பவர் எத்தனை பேர்? சேலை வந்தது. படத்தில் குங்குமச் சிவப்பாகத் தோன்றியது கையில் செங்கல் நிறமாக இருந்தது. புள்ளிகளும் ஒரே அளவாக இல்லை. அம்மையார் அதனைத் திருப்பிவிட்டார். நான்காம் நாள் பணமும் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. அவரளவில் காரியம் முடிந்தது.

அச்சேலையை விற்றவர் வைகைக்குத் தென்கரையில் வசிக்கும் நம் சங்கத்தவரே. வீட்டுப் பெண்டிர் முடிச்சிட, தாமே சாயந்தோய்த்து விற்பவர். பத்து நாட்கழித்து அவரிடம் வந்து சேர்ந்த பார்சலைப் பிரித்தபோது அதனுள்ளிருந்தது அவருடைய சேலையன்று. மட்டமான துணியில் அச்சுப் புள்ளி போட்ட வேறொரு சேலை. வாங்கியவர் நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை அனுப்பிவிட்டார் என்று அவர் கருதியதில் வியப்பில்லை. பார்சல்மீதிருந்த விலாசத்தைப் பார்த்தார். நம் அங்கத்தினர் வீடு என்று தெரிந்தது. பிராது பிறந்தது.

சபையில் இருவரும் சத்தியஞ்செய்தார்கள். தாம் பெற்ற சேலையையே மடித்துக் கொடுத்ததாக அம்மையார் கண்கலங்கச் சொன்னார். அவருடைய மகன், சேலையைப் பையிலிடும்போது கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினான். அதில் செங்கல் நிறச் சுங்குடியே இருந்தது. பையை எடுத்துச் சென்றபோது கம்பெனியார் அனுப்பிய செய்தியில் ஓர் எண்ணும் இருந்தது. திரும்பிவந்த பை எங்கே என்று கேட்டோம். தூர எறிந்தாயிற்று என்றார் விற்றவர். அவர் மனைவியாரோ, எறியவில்லை, மோர்மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறேன் என்றார். வற்றலைக் கொட்டிவிட்டுப் பை சபைக்கு வந்தது. மேலே விலாசச் சீட்டு ஒட்டியிருந்தது. அதனடியில் பாதி கிழிந்த இன்னொரு சீட்டு. அடிச்சீட்டின் எண் அம்மையாருக்கு வந்த எண்ணன்று. எங்கோ ஒரு கிடங்கில், எவரோ திருப்பிய பார்சலின்மேல் நம்மவருக்குரிய சீட்டை ஒட்டிவிட்டார்கள். அவருடைய சேலை எந்தக் கிடங்கிலோ, எந்த வியாபாரியின் வீட்டிலோ இருக்கின்றது. சபையில் ஒருவரையொருவர் முகம் பாராதிருந்த இரு குடும்பத்தாரும் அப்போதுதான் முகம் பார்த்தார்கள்.

சகோதரர்களே! இவ்விருவருள் எவரும் திருடரல்லர். ஆயினும் ஒரு வார காலம் ஒருவரையொருவர் திருடரென்று நம்பினார்கள். இதுவே இவ்வியாபாரத்தின் விபரீதம் என்று நமக்குத் தோன்றுகிறது. நம் பாட்டிமார் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்குச் சென்று, சாயம் போயிற்று என்று சேலையை உதறிக் காட்டினால், கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டேனும் அதைத் தொட்டுப் பார்ப்பார். வழக்கு இருவருக்குள் நடக்கும். இப்போது நடுவில் மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார். பணம் அவர் கையில். சரக்கு அவர் வண்டியில். விதியும் அவர் எழுதியதே. வாங்கியவரும் விற்றவரும் அவரிடந்தான் முறையிடவேண்டும். ஒருவருக்கொருவர் பேச வழியேயில்லை.

முகமறியாதாரிடம் சரக்கு வாங்குவது நம் தேசத்துக்குப் புதிதன்று. தபால் இலாகா 1877-ஆம் வருஷத்தில் வி.பி.பி. முறையை ஏற்படுத்திற்று. பார்சல் வந்ததும் பணம் கட்டி வாங்கிப் பிரித்தால், கடிகாரத்துக்குப் பதில் தகரப் பொம்மை இருந்த கதைகளைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மோசடி நேர்ந்தவிடத்துத் தொகையை நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பிக் கொடுக்க விதி செய்துகொள்ளலாமென்று 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டத்தில் இடமிருந்தது. நடுவில் நின்று பணம் வாங்கிக் கொடுப்பவருக்கும் பொறுப்புண்டு என்னும் எண்ணம் அன்றே தோன்றிவிட்டது என்க.

சட்டம் இப்போது என்ன சொல்லுகிறது? 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் அமலிலுள்ளது. வர்ணனையைக் கொண்டு விற்ற சரக்கு அவ்வர்ணனைக்கு ஒத்திருக்கவேண்டும் என்பதும், முன்பு பாராத சரக்கைப் பரிசோதிக்க நியாயமான அவகாசம் கிடைக்குமுன் வாங்கியவர் அதனை ஏற்றுக்கொண்டதாகக் கருதலாகாது என்பதும் அதன் விதிகள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளும் இதனை இன்னும் விரித்தன. சரக்கு பழுதாயிருந்தாலும், போலியாயிருந்தாலும், விளம்பரத்திற் சொன்ன தன்மை இல்லாதிருந்தாலும், சொன்ன தவணை கடந்து வந்தாலும் விற்பவர் அதனைத் திரும்ப வாங்கவோ பணத்தை வாபஸ் செய்யவோ மறுத்தலாகாது. தெய்வாதீனமாக நேர்ந்த தாமதத்திற்கு மட்டும் விலக்குண்டு. சந்தை நடத்தும் கம்பெனியார் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமிக்கவேண்டும். அவர் முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துள் தீர்க்கவேண்டும். விற்பவர் யார், எவ்வூர் என்ற விவரத்தையும் வாங்குவோர் காணும்படி வைக்கவேண்டும். நம் அம்மையார் அதனை ஒருமுறை பார்த்திருந்தால், தென்கரைக்கு ஆட்டோவில் சென்றே சேலையை வாங்கியிருப்பார்.

யாம் சந்தை போட்டுக் கொடுத்தவர்தாமே, சரக்கைப் பற்றி எமக்கென்ன என்று கம்பெனியார் எப்போதும் கைகழுவிவிட முடியாது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரநிர்ணயத்துக்கு ஒவ்வாத பிரஷர் குக்கர்களைத் தன் சந்தையில் விற்க இடங்கொடுத்ததற்காக அமேசான் கம்பெனிக்கு ஒரு லக்ஷம் ரூபாய் அபராதம் விதித்து, விற்பனையான 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணம் வாபஸ் செய்யும்படி உத்தரவிட்டது. 598 குக்கர்கள் குறித்துப் பிளிப்கார்ட் கம்பெனிக்கும் அதே மாதத்தில் அவ்வாறே உத்தரவாயிற்று. இரு கம்பெனியாரும் தில்லி ஹைகோர்ட்டுக்குச் சென்றனர்.

கம்பெனியார் செவிசாயாவிடில் வாங்கியவர் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்தை அழைக்கலாம். அதிலும் தீராவிடில், தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கு எழுந்த இரண்டு வருஷத்துக்குள், மனுச் செய்யலாம். கம்பெனியின் தலைமையிடம் பெங்களூரிலிருந்தாலும் நாம் மதுரையிலேயே வழக்காடலாம். கொடுத்த விலை ஐந்து லக்ஷம் ரூபாய்வரை மனுக் கட்டணமில்லை. வக்கீல் வைத்துத்தான் தீரவேண்டுமென்பதுமில்லை.

இவையெல்லாம் வாங்குபவருக்கு. விற்பவருக்கோ? இங்கேதான் நம் மனம் வருந்துகிறது. வியாபார நோக்கத்துடன் சேவை பெறுபவர் நுகர்வோரல்லர் என்பது அச்சட்டத்தின் பொதுவிதி. சுயதொழிலால் ஜீவிப்போருக்கு ஒரு விலக்கு உண்டெனினும், 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அது வாங்கிய பொருளைக் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது. சந்தைக் கம்பெனியின் சேவைக்கும் அது பொருந்துமென்பது வாதத்திற்குரியது. சேர்ந்த நாளில் கைபேசித் திரையில் படியாமலே சம்மதித்த ஒப்பந்தத்திலோ, தகராறு தூரநகரமொன்றில் மத்தியஸ்தர் முன் தீர்க்கப்படவேண்டும் என்று எழுதியிருக்கும். 1,850 ரூபாய்க்காக எவர் அங்கே ரயிலேறுவார்?

நம் தென்கரை அங்கத்தினர் கம்பெனிக்கு முறையிடாமலில்லை. பிரிக்கும்போது எடுத்த படம் எங்கே என்றார்கள், அவரிடம் இல்லை. முறையிடும் தவணை கடந்தது என்றார்கள். சேலை போயிற்று, போகவரக் கூலியும் அவர் கணக்கிற் கழிந்தது. இதற்கு நம் அம்மையாரும் ஒருவகையிற் காரணர் என்பதை அவர்முன்னிலையிலேயே சொல்லுகிறோம், அவர் கோபிக்கமாட்டார். திருப்புங்காரணம் யாது என்று கம்பெனி கேட்டபோது, "நிறம் பிடிக்கவில்லை" என்பதைத் தொடாமல் "பழுதான சரக்கு" என்பதைத் தொட்டார். அப்படித் தொட்டால் சீக்கிரம் பணம் வரும் என்று அண்டைவீட்டார் சொன்னார்களாம். அவ்வொரு தொடுதலால் கைத்தொழிலாளி ஒருவர் கணக்கில் பழுதுச் சரக்கு விற்றவர் என்ற கரும்புள்ளி விழுந்தது. கையால் ஆயிரக்கணக்கில் நூல் முடிச்சிட்டுத் தோய்க்கும் சேலையில் புள்ளிகள் ஓரளவாயிரா. ஒவ்வொன்றின் நடுவிலும் முடிச்சின் சுருக்கம் சிறிது தெரியும். அதுவே அசல் என்பதற்கு அடையாளம். 2005-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற சரக்கை, அது அசலாயிருந்த குற்றத்திற்காகத் திருப்பிவிட்டோம்!

ஆனால் விற்பவரும் தம் பக்கத்தைப் பார்க்கவேண்டும். சரக்கின் படத்தை விளக்கொளியில் எடுத்து நிறத்தை மினுக்கியவர் அவரே. புள்ளி ஏறத்தாழ இருக்கும், நிறம் சற்று வேறுபடும், முதற் சலவையில் சிறிது சாயம் விடும் என்று நான்கு வரி எழுதியிருந்தால் அம்மையார் வாங்குமுன்பே அறிந்திருப்பார். எழுதினால் வாங்கமாட்டார்களே என்றார் அவர். அச்சுப் புள்ளித் துணியைச் சுங்குடியென்று விற்பவரும் இதனைத்தானே சொல்லுகிறார்?

நம் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. கலியாணத்துக்கென்று புதுச்சட்டை வாங்கி, விலைச்சீட்டைக் கழுத்துக்குள் மடித்துவிட்டு உடுத்தி, மறுநாள் திருப்பி அனுப்புவதைச் சிலர் சாமர்த்தியமென்று சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறோம். சந்தனக்கறையோடு திரும்பிய சட்டையை எவர் வாங்குவார்? நஷ்டம் கம்பெனிக்கன்று, எங்கோ தையல் மிஷின் மிதிக்கும் ஒருவருக்கு.

கடைவைத்திருக்கும் அங்கத்தினர்களே, உங்களையும் விடுவதற்கில்லை. "விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்படமாட்டாது" என்னும் பலகை நம்மவர் கடைகள் பலவற்றில் இன்னும் தொங்குகிறது. பழுதான சரக்கை, ரசீதிற் கண்ட தவணைக்குள், தவணை எழுதாவிடில் 30 நாளைக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வியாபாரமுறை என்று 2019-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. ஆன்லைன் கம்பெனி வாடிக்கைக்காரரைக் கவர்ந்துவிட்டதென்று புலம்புகிறோம். அப்பலகையைப் பார்த்தவர் அங்கே போகாமல் என்செய்வார்? மல்லிகைப்பூ விற்பவர் அப்படிச் சொல்லட்டும்; மறுநாள் பூவைத் திருப்ப முடியாது. புடவைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் அந்நியாயம் ஏன்?

இன்னொன்றும் அவசரமாகச் சொல்லவேண்டும். பணம் வரத் தாமதமானால் சிலர் கம்பெனியின் எண்ணை இணையத்தில் தேடி எடுத்து அழைக்கிறார்கள். அவ்வெண்களுள் மோசக்காரர் வைத்தவையும் உண்டு. "வாபஸ் அனுப்புகிறோம், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எப்போதும் வேண்டியதில்லை. அதனை அழுத்தினால் பணம் போகுமேயன்றி வராது. அப்படி நேர்ந்தால் அக்கணமே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் வருஷமும் இதுவேயாதலால் மறக்கமாட்டீர்கள்.

சபையின் தீர்மானத்தைச் சொல்லி முடிக்கிறோம். பாதி நஷ்டத்தைத் தாம் தருவதாக அம்மையார் முன்வந்தார். தவறு அவருடையதன்று என்று விற்றவர் வாங்க மறுத்துவிட்டார். மகன் எடுத்த படம், எண் வந்த செய்தி, பையிலுள்ள இரண்டு சீட்டுக்களின் படம் ஆகியவற்றைச் சேர்த்துச் சங்கத்தின் உதவியால் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு முறையீடு எழுதப்பட்டது. "பழுதான சரக்கு" என்று தாம் குறித்தது பிழையென்று அம்மையாரும் தனியே எழுதிக் கையெழுத்திட்டார். முறையீடு கிடைத்ததென்று மறுநாளே பதில் வந்தது. ஒரு மாதத் தவணை இன்னும் முடியவில்லை. முடிந்ததும் விளைவு இப்பத்திரிகையில் வெளியாகும். பை சங்க அலுவலகப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மோர்மிளகாய் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.