பொது நிலமும் குழு நாற்காலியும்

(விளாங்குடியில் நிகழ்த்திய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கண்மாய், மடை, குழு உறுப்பினர் என்று பேச வந்திருக்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். நம் எழுத்தின் பாதி நிலத்தைப் பற்றியது. இழந்த நிலம், உழுதும் உரிமையில்லாத நிலம், கால் வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட நிலம். அந்த நிலத்தைப் பற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன? ஊர் மந்தையில், ஊராட்சி அலுவலகத்தில், ஏதோ ஒரு குழுவின் கூட்டத்தில். சம்பளமில்லாத ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, டீ குடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அந்தக் கையெழுத்துதான் கண்மாயின் தலைவிதி. அந்த நாற்காலியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த விளாங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் மதுரை மாநகராட்சி நூறு வார்டுகளாக விரிந்தபோது, பேரூராட்சியாக இருந்த இந்த ஊரும் நகரத்துக்குள் வந்தது. வயல் மனையானது, மனை வீடானது. கண்மாய் இருந்தால்தான் கிணற்றில் தண்ணீர் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆயக்கட்டில் வீடு முளைத்த பிறகு கண்மாய்க்கு யார் பொறுப்பு? விவசாயி போய்விட்டார், நகரவாசிக்குக் கண்மாயின் பெயரே தெரியாது. இந்த இடைவெளியில்தான் குப்பையும் கழிவுநீரும் ஆக்கிரமிப்பும் நுழைகின்றன. இந்த இடைவெளியை நிரப்பத்தான் இன்று ஊருக்கு ஊர் நீர்நிலைப் பாதுகாப்புக் குழுக்கள் முளைத்திருக்கின்றன. நல்லது. அந்தக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

தென்மாவட்டக் கண்மாய்களை நூற்றாண்டுகளாக நடத்தியவர்களில் ஒருவர் நீர்க்கட்டி. நீர்பாய்ச்சி என்றும் சொல்வோம். எந்த மடையை எப்போது திறப்பது, எத்தனை நாழிகை விடுவது, தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மழை இரவில் கரையில் நடந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பவர் அவர். வெள்ளம் வந்தால் கலுங்கில் நிற்பவரும் அவரே. பெரும்பாலான ஊர்களில் அவர் நம்மவர். கூலி என்ன? அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. இன்று சிலர் இதைப் "பாரம்பரிய நீர் மேலாண்மை" என்று புகழ்ந்து பேசுகிறார்கள். புகழட்டும். ஆனால் அந்த வேலை சாதியால் சுமத்தப்பட்டது, பல ஊர்களில் சாவுச் சேதி சொல்வதோடும் பறையடிப்பதோடும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டது. அறிவு நம்முடையது, அடிமைத்தனம் அவர்கள் தந்தது. முன்னதை வைத்துக்கொள்வோம், பின்னதைத் தூக்கி எறிவோம்.

சரி, காலம் மாறியது, சங்கம் வந்தது. 2000ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்வதற்கான தமிழ்நாட்டுச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைத்தது. உறுப்பினர் யார்? ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். அதாவது மடையைத் திறந்தவர் வெளியே, மடைத் தண்ணீரை வாங்கியவர் உள்ளே. கண்மாயில் துணி துவைக்கும் பெண், ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கரையோரம் குடிசை போட்டவர் யாருக்கும் அங்கே வாக்கு இல்லை. சட்டத்தில் சாதியின் பெயரே இல்லை. அது தேவைப்படவும் இல்லை. பட்டா என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிட்டது.

பட்டா ஏன் நம்மிடம் இல்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1892இல் அரசு ஆணை வந்தது, பஞ்சமி நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் பிறர் கைக்கே போனது. அதை மீட்கக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தார்கள். நிலம் பறிபோனதால் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் சங்கத்தில் இடமில்லை. சங்கத்தில் இடமில்லாததால் பொது நிலத்திலும் பேச்சில்லை. இந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நாற்காலிக்கு இங்கே என்ன விலை என்பதை மேலூர்ப் பக்கம் போனால் தெரிந்துகொள்ளலாம். 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பேருந்தை மறித்து அவரையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு கிராமத் தலைவர் பதவிக்கு ஏன் இவ்வளவு வெறி? ஊராட்சித் தலைவரின் கையெழுத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மீன்பாசிக் குத்தகை இருக்கிறது, மர ஏலம் இருக்கிறது, புறம்போக்கும் பொது வேலைகளும் இருக்கின்றன. பரம்பரையாகச் சிலர் மட்டுமே கைவைத்த பொதுச் சொத்தின் சாவி அந்தக் கையெழுத்து. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்கள். காலி நாற்காலிகூட அவர்களுக்குச் சம்மதம். நாம் உட்காருவதுதான் சம்மதமில்லை.

அண்ணல் அம்பேத்கரின் மகத் போராட்டத்தை நாம் தண்ணீர்ப் போராட்டமாகச் சொல்கிறோம். அது ஒரு தீர்மானத்தைப் பற்றிய போராட்டமும்கூட. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக மகத் நகராட்சி 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் புத்தகத்தில் இருந்தது, குளத்தில் ஒருவரும் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் இறங்கினார். அதன்பின் வழக்கு, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது. தீர்மானம் வேண்டும். ஆனால் தீர்மானம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவன் ஏமாந்துபோவான்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. ஊராட்சிக்கு மட்டுமல்ல, மாநகராட்சிக்கும் இது பொருந்தும். 2004ஆம் ஆண்டு விதிகள் குழுவின் அமைப்பைச் சொன்னன. ஒரு தலைவர், ஆறு பேருக்கு மிகாத உறுப்பினர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். ஆறில் ஒருவர் என்றால் எத்தனை விழுக்காடு? 16.66. பதினெட்டுக்குக் குறைவு. "குறையாமல்" என்ற சொல்லுக்குப் பொருள் உண்டென்றால் ஆறு பேர் குழுவில் நம்மவர் இருவர் இருக்க வேண்டும். ஒருவரைப் போட்டுவிட்டு "எஸ்.சி. கோட்டா முடிந்தது" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒருவருக்கும் இருவருக்கும் வித்தியாசம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. தனியாக இருப்பவரை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம், கூட்டத் தேதியைச் சொல்லாமல் மறைக்கலாம். இருவர் இருந்தால் ஒருவர் பேச இன்னொருவர் சாட்சி.

2023இல் சட்டம் திருத்தப்பட்டது. குழுவில் ஏழு பேருக்குக் குறையாமல், பதினோரு பேருக்கு மிகாமல் இருக்கலாம், அமைப்பை மாநில அரசே விதியாக வகுக்கலாம் என்றானது. ஆகவே நம் பங்கு என்ன என்பதை இனிச் சென்னையிலும் கேட்க வேண்டும். விதி எழுதும் மேசையில் நாம் தூங்கினால், குழு மேசையில் நமக்கு நாற்காலி இருக்காது.

இந்தச் சட்டம் வெறும் காகிதம் என்று சொல்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுகிறேன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், ராஜாளி வகைப் பறவைகள், சமணப் படுக்கைகள், குடைவரை எல்லாம் உள்ள இடம். இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று 2015.51 ஹெக்டேரை ஏலம் விட்டுவிட்டார்கள். மரபுத் தலமும் அதற்குள். மக்கள் என்ன செய்தார்கள்? கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இது பெரிய வெற்றி. கிரானைட் குவாரிகள் மேலூர் வட்டாரத்தின் குன்றுகளையும் ஓடைகளையும் என்ன செய்தன என்று பார்த்த மக்கள் இம்முறை விழித்துக்கொண்டார்கள். வெற்றிக்குப் பிறகு ஒரு கேள்வி மிச்சம். மலையைக் காக்க எல்லாச் சாதியும் சேர்ந்து நடந்தது. மலையை இனி நிர்வகிக்கும்போதும் எல்லாச் சாதியும் சேர்ந்து உட்காருமா? ஊர்வலத்தில் தோளோடு தோள் நிற்பது ஒரு நாள். குழுவில் பக்கத்து நாற்காலியில் உட்காருவது மாதந்தோறும். எந்தப் பாதுகாப்பு இயக்கத்தையும் நான் அந்த இரண்டாவது அளவுகோலால்தான் அளப்பேன்.

பாதுகாப்பு என்ற சொல்லே நம்மீது பாயவும் கூடும். ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007இல் வந்தது. நல்ல நோக்கம். ஆனால் கண்மாய்ப் புறம்போக்கில் குடிசை போட்டவர் வேறு போக்கிடம் இல்லாமல் போட்டவர். வரத்துக்கால்வாயை மூடி வணிக வளாகம் கட்டியவர் அப்படிப்பட்டவர் அல்ல. இரண்டுக்கும் "ஆக்கிரமிப்பு" என்றே பெயர். ஜேசிபி முதலில் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, மரபுத் தல அறிவிப்பால் வாழ்வாதாரம் பாதிக்கப்படுபவர்களுக்கு இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. குழுவில் நம்மவர் இருந்தால்தான் அந்த வரி வாசிக்கப்படும்.

நிலத்தைப் பொதுவில் வைத்துக் காப்பது நமக்குப் புதிதல்ல. 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் தலித் குடும்பங்கள் வினோபாவிடம் 80 ஏக்கர் கேட்டன. ஒரு நிலவுடைமையாளர் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதானம் பிறந்தது கொடுத்தவரால் என்று வரலாறு எழுதுகிறார்கள். கேட்டவர்களால் பிறந்தது என்று நாம் எழுத வேண்டும். அது கிராமதானமாக வளர்ந்து கடல் கடந்து போனது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் சார்லஸ் ஷெராட் முதலிய கறுப்பின உரிமைப் போராளிகள் 1969இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். சுமார் 5,700 ஏக்கர். நிலம் அறக்கட்டளைக்கு, உழும் உரிமை குடும்பங்களுக்கு. வறட்சி வந்தது. வெள்ளை விவசாயிக்குக் கிடைத்த அரசுக் கடன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. அவர்கள் விடவில்லை. பாகுபாட்டுக்கு எதிரான வழக்கில் 2009இல் 1.2 கோடி டாலர் இழப்பீடு பெற்று, ஒரு காலத்தில் அடிமை முதலாளியின் தோட்டமாக இருந்த நிலத்தையே வாங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலமில்லாத ஓர் அறக்கட்டளையைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள். 

ஆகவே, குழுவுக்குப் போகும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, போகும் முன் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கிப் படியுங்கள். சர்வே எண் தெரியாமல் கண்மாயைக் காக்க முடியாது. தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது, எழுதாத தீர்மானப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்புறம் எழுதிக்கலாம், நீங்க கையெழுத்தப் போடுங்க" என்ற இனிப்பான குரலில்தான் பல கண்மாய்கள் போயிருக்கின்றன. உங்கள் மறுப்பையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது, குத்தகை எடுப்பவர் குழு உறுப்பினரின் மைத்துனர் என்றால், அந்த உறுப்பினர் அந்த விவாதத்தில் எழுந்து வெளியே போக வேண்டும். இதே விதி நமக்கும் உண்டு. நம் உறவினர் என்பதற்காக வாயை மூடிக்கொண்டால், நாளைக்கு அவர்களைக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

நான்காவது, கூட்டத்தில் நடந்ததைச் சேரிக்கு வந்து சொல்லுங்கள். நீங்கள் அங்கே உட்காருவது உங்கள் பெயருக்காக அல்ல. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரத்தில் பகுதி சபைக்கு 2022இல் விதிகள் வந்துவிட்டன. அங்கே பெண்களை அழைத்துக்கொண்டு போங்கள்.

ஐந்தாவது வேலை எழுதுபவர்களுக்கானது. பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் முக்கியக் கடமை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. எந்தச் செடி, எந்த மீன், எந்தப் பறவை, யாருக்கு அது தெரியும் என்று ஊரே சேர்ந்து எழுத வேண்டிய புத்தகம். எலிவளை பார்த்து வயலைச் சொல்லும் கிழவியை, நண்டுப் பொந்து பார்த்துக் கரைக் கசிவைச் சொல்லும் நீர்க்கட்டியை, மாட்டு வைத்தியம் தெரிந்த தாத்தாவை அந்தப் பதிவேட்டில் பெயரோடு எழுதுங்கள், அவர்களுடைய சம்மதத்தோடு. வெளியூர் முகவர் வந்து இரண்டு நாளில் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் நம் மக்கள் இருக்க மாட்டார்கள். நம் இலக்கியம் நம்மைப் பற்றி நாமே எழுதுவதிலிருந்து தொடங்கியது. இந்தப் பதிவேடும் அந்த வரிசையில் சேர வேண்டியதுதான்.

மேலவளவின் ஆறு பேரும் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சட்டம் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஊர்ச் சொத்தை ஊருக்காக நிர்வகிக்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு மாலை போடுவது ஆண்டுக்கு ஒரு நாள். அடுத்த கூட்டத்துக்கு நேரத்தோடு போய், தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசி வரி வரை படிப்பது மற்ற நாட்களின் வேலை.