மூன்றாவது எட்டு மணிக்கு இடம் எங்கே?

(திருவொற்றியூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)



"சோற்றுக்கே வழியைக் காணோம், இவர் ஆற்றில் குளிக்கவும் படகில் போகவும் உரிமை கேட்டு மேடை போட்டுவிட்டாரே!" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி பொழுதுபோக்கு. இது உலகத் தொழிலாளி வர்க்கத்தின் பழைய கோஷம். முதல் எட்டு மணிக்காகத் தொழிலாளி உயிரையே கொடுத்தான். மூன்றாவதை நாமே மறந்துபோனோம். 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் மே தினத்தை எங்கே நடத்தினார்? ஐகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையில், திருவல்லிக்கேணிக் கடற்கரையில். வாடகை கொடுக்காமல் ஏழை கூடக்கூடிய இடம் அதுதான்.

நம் கடற்கரை என்னவாயிற்று? நம் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தடைபட்டது. தெற்கே மெரினா வளர்ந்தது. வடக்கே இராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் காற்று வாங்குகிறவர் மிதிப்பது நமக்கு வரவேண்டிய மணல்! நமக்குக் கிடைத்தது கருங்கல். அதன்மேல் ஏறி நின்றுதான் நம் பிள்ளைகள் கடலைப் பார்க்கிறார்கள்.

கடற்கரை போனது, ஆறாவது மிஞ்சியதா? கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார்கள் பட்டணத்திலிருந்து வந்து உல்லாசமாய்ப் படகு விட்ட தண்ணீர் அது. இன்று அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கழி தூர்ந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. காட்டுக்குப்பத்தில் படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதம் 26ந் தேதி இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலி போட்டு, டிக்கெட் வைத்து, மீனவனை விரட்டிவிட்டு 'அழகுபடுத்துவதை' நாம் கேட்கவில்லை. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண் அச்சமின்றி இறங்குகிற தண்ணீரில்தான் நம் பிள்ளையும் நீந்த முடியும். இரண்டு கோரிக்கையும் ஒன்றே.

இமாசலப் பிரதேசத்தில் ஒரு சொகுசு விடுதிக்காக பியாஸ் நதியையே திருப்பிவிட்டார்கள். அந்த வழக்கில் 1996ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: ஆறும் கடற்கரையும் மக்கள் சொத்து, சர்க்கார் வெறும் தருமகர்த்தா. ஆனால் நம் அதிகாரிகளுக்குப் புறம்போக்கு என்றால் ஆளில்லாத இடம் என்று நினைப்பு!

கழியிலுள்ள சாம்பலை மின்வாரியம் தன் செலவில் அள்ள வேண்டும். கழியின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். கரைக்குப் போகும் பாதை எதையும் எந்தக் கம்பெனியும் அடைக்கக் கூடாது.

வருகிற ஞாயிறு காலை முகத்துவாரத்துக்கு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். சாம்பலை நேரில் பார்த்துவிட்டு, அங்கேயே மனுவில் கையெழுத்துப் போடுவோம்.