புத்தகத்துக்குள் ஒளித்த சித்திரக்கதைகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இப்படியான மேடையில் பரிசளிப்பு விழாவையும் வலைப்பந்தையும் நினைவுகூருவதுதான் வழக்கம். நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். சமூகக்கல்விப் புத்தகத்தை விரித்து, அதற்குள் நான் வாசித்ததெல்லாம் சித்திரக்கதைதான்.

முதலில் வந்தது அம்புலிமாமா. 1947 முதல் சென்னையிலிருந்து வெளிவந்த அந்தச் சஞ்சிகையில், விக்கிரமாதித்தன் வாளேந்தி, வேதாளம் புகுந்த பிணத்தைத் தோளில் சுமந்து வருவான். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, பொழுது சாய்ந்தால் பீலிக்கரைக்குத் தனியே போகமாட்டேன். ஆனாலும் அடுத்த கதையைத் தேடுவேன்.

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. அட்டை கிழிந்த பழைய பிரதிகளே கைமாறி வந்தன. 1977க்குப் பிறகு கட்டுப்பாடு தளர்ந்தபோதுதான் சிவகாசியின் முத்து காமிக்ஸ் எங்கள் கையில் கிடைத்தது. அதில் என் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரத்தைத் தொட்டால் அவன் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய கதை அது. 1972இல் தமிழுக்கு வந்தது. எங்கள் லயத்திலோ மின்சாரமே இல்லை. குப்பி லாம்பு வெளிச்சத்தில், எழுத்தறியாத அம்மாவுக்கு நான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் அம்மா சொன்னார்: "நம்மளும் அப்படித்தான் புள்ள. கொழுந்து எடுக்கிற கை மட்டுந்தான் தொரைக்குத் தெரியும்."

அந்தப் புத்தகங்களில் பாதி என்னுடையவை அல்ல, என் வகுப்புத் தோழியுடையவை. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. அந்தக் கணக்கில் அவள் குடும்பமும் இருந்தது. பண்டாரவளை ஸ்டேஷனில் பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். மாயாவி அச்சாகிற நாட்டுக்கே போகிறாளே! அவளோ தன் புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் தந்தாள். "அங்க புதுசு கிடைக்கும்டி, இத நீ வச்சுக்க" என்றாள்.

சில மாதங்களின் பின் கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்தது. அங்கும் தேயிலைதான். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, அம்மாவுடன் கொழுந்தெடுக்கப் போகிறாளாம். "கடையில மாயாவி தொங்குது, வாங்கத்தான் காசில்ல. கடைசியா படிச்ச கதைக்கு முடிவு என்னான்னு எழுது" என்று கேட்டிருந்தாள். ஸ்டேஷனில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. நான்கு பக்கத்தில் முழுக்கதையையும் எழுதி அனுப்பினேன். பரீட்சைக்காக இல்லாமல், ஒருவர் வாசிக்க வேண்டும் என்று நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். அதற்குப் பதில் வரவில்லை.

வகுப்பில் ஒருமுறை பிடிபட்டேன். புத்தகத்தைப் பறித்த டீச்சர், மறுநாள் என்னைத் தனியே அழைத்தார். அடி விழும் என்று நடுங்கிக்கொண்டு போனேன். "கடைசிப் பக்கத்தக் காணலையே, என்ன நடந்தது?" என்று கேட்டார்!

அன்பான சகோதரிகளே, நம்மில் பலருக்கு வாசிப்புப் பழக்கம் வந்தது பாடப்புத்தகத்தால் அல்ல. நூற்றாண்டு நினைவாக நூலகத்துக்கு அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் வாங்குகிறோம், நல்லது. அவற்றோடு ஆளுக்கொரு சித்திரக்கதைப் புத்தகமும் கொடுப்போம். பூட்டிய அலுமாரியில் அல்ல, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் அவை இருக்கட்டும். தோழி தந்த துணிப்பையில் எஞ்சிய புத்தகங்களை இன்று கொண்டுவந்திருக்கிறேன். முதலாவதாக அவற்றை அதிபர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.