விருந்துக்கு எந்தப் பூ?



கோடையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அனல் காற்று வீசும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இந்த வெயிலில் விருந்தாளி வந்தால் என்ன கொடுப்பது? கொழிஞ்சாம்பாறை முதல் மறையூர் வரை பல வீட்டு வேலிகளில் செம்பருத்தி இருக்கிறது. அதுவே போதும்.

ஐந்து இதழ் உள்ள சிவப்புச் செம்பருத்தி 6 பறியுங்கள். காம்பையும் நடுத்தண்டையும் நீக்குங்கள். இதழ்களைக் கழுவுங்கள். 2 டம்ளர் கொதித்த நீரில் போட்டு மூடுங்கள். ஆறியதும் வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழியுங்கள். மங்கிய நிறம் பளிச்சென்று சிவக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். காய்ச்சி ஆற்றிய மண்பானைத் தண்ணீரைக் கலந்து கொடுங்கள்.

சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்கிறோம். வாழைப்பூ வடை, முருங்கைப்பூப் பொரியல் எல்லாம் பழகிய உணவுதான்.

ஆனால் எல்லாப் பூவும் உணவல்ல. அரளி நஞ்சு. அதன் பூ, இலை, வேர் எல்லாமே நஞ்சு. அது இதயத் துடிப்பைக் கெடுக்கும். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, கோயில் நிவேதியத்தில் அரளிப்பூவைத் தடை செய்தது. மாலைக்கு விற்கும் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம். அதையும் சமைக்காதீர்கள். குழந்தை தெரியாத பூவைத் தின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அந்தப் பூவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் நிற்காதீர்கள். யாராவது மயங்கி விழுந்தால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

பூவை அறிந்து பறியுங்கள். வந்தவர் மனமும் வயிறும் குளிரட்டும்.